கொப்பி நிரம்பியிருக்கிறது, பையனுக்கு வாசிக்கத் தெரியாது

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள். முல்லைத்தீவு மாவட்டத்தில், அதிகஷ்டப் பிரதேசம் என்று வகைப்படுத்திய ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நியமனம் கிடைத்து ஒன்றரை வருடம். தரம் 8இல் ஒரு பையன், பெரிய குழப்படி. போன மாதம் புத்தகத்தில் ஒரு பந்தியை எழும்பி வாசிக்கச் சொன்னேன். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றான். இரண்டாம் தரம் சொன்னபோது பின் வாங்கில் இருந்தவனைப் பார்த்துக் கண்ணடித்துச் சிரித்தான். எனக்குக் கோபம் வந்து, "நீ மாடு மேய்க்கத்தான் சரி" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அடுத்த நாளிலிருந்து அவன் வரவில்லை. இன்றைக்குப் பன்னிரண்டாவது பள்ளி நாள். உண்மையாகவே யாரோ ஒருவருடைய பட்டியில் மாடு பார்க்கிறானாம். அவனுடைய கொப்பியை எடுத்துப் பார்த்தேன். எல்லாப் பாடமும் வடிவான எழுத்தில் எழுதியிருக்கிறான். கெட்டிக்காரன்தான், திமிர்தான் கூட. அதிபர், "விடுங்கோ ரீச்சர், அவன் ஓ.எல். சோதனை எடுத்தால் எங்கட சித்தி வீதம்தான் விழும்" என்கிறார். நான் என்ன செய்யவேண்டும்? இந்தத் தொழிலுக்கு நான் பொருத்தமில்லையோ என்றும் யோசனையாக இருக்கிறது. (பெயர் வேண்டாம்)

பதில்:

ரீச்சர், நீங்கள் கோபத்தில் சொன்ன வசனத்தைவிட எனக்குக் கண்ணில் குத்தியது அந்தக் கொப்பியைப் பற்றி எழுதிய வரிதான். அதை இன்னொருக்கால் எடுத்து, இந்த முறை கையெழுத்தைப் பாராமல் வேறு மூன்று விஷயங்களைப் பாருங்கள். கரும்பலகையில் நீங்கள் அவசரத்தில் ஒரு குற்றை, மெய்யெழுத்துப் புள்ளியை, விட்டிருந்தால், அதே குற்று அவனுடைய கொப்பியிலும் விடுபட்டிருக்கிறதா? பலகையின் ஓரத்தில் இடம் போதாமல் நீங்கள் ஒரு சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோயிருந்தால், கொப்பியில் வேண்டிய இடம் இருந்தும் அவனும் அதே எழுத்தில் உடைத்திருக்கிறானா? நீங்கள் எழுதிப்போடாமல் வாயால் சொல்லி எழுதவைத்த நாட்களில் பக்கம் எப்படி இருக்கிறது? வெறுமையாக, அல்லது பிறகு எழுதுகிறேன் என்று நாலு விரல் இடம் விட்டிருக்கும்.

அப்படியிருந்தால் அவன் எழுதவில்லை, கீறியிருக்கிறான். கோலம் பார்த்துக் கோலம் போடுவதுபோல. என்னைப் பந்தயம் பிடிக்கச் சொன்னால் துணிந்து பிடிப்பேன்: அந்தப் பையனுக்கு வாசிக்கத் தெரியாது.

முப்பது வருடத்துக்குக் கிட்டப் படிப்பித்து, அதில் பின்பாதியை ஆரம்பக்கல்வி ஆசிரிய ஆலோசகராகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் சுற்றிக் கழித்தவள் நான். துணுக்காய், மல்லாவி, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி என்று போன இடமெல்லாம் இந்தக் கொப்பியைக் கண்டிருக்கிறேன். எங்களை ஏமாற்றுவதற்கு இதைவிடக் கெட்டித்தனமான வழி கிடையாது. நாங்கள் கொப்பியைத்தானே பார்க்கிறோம்? சிவப்பு மையால் சரி போட்டு, திகதி போட்டு, கையெழுத்து வைக்கிறோம். கல்வி வலயத்திலிருந்து மேற்பார்வைக்கு வருகிறவர்களும் கொப்பியைத்தான் புரட்டுவார்கள். பிள்ளையைப் புரட்ட ஒருவருக்கும் நேரம் இல்லை.

அந்தக் கண்ணடிப்பும் சிரிப்பும் உங்களைக் கேலி செய்ய வந்தது அல்ல. பதின்மூன்று வயதுப் பையன் நாற்பது கண்ணுக்கு முன்னால் வாசிக்கத் தெரியாமல் நின்றால் அவனுக்கு இரண்டு பெயர்தான் கிடைக்கும். ஒன்று மொக்கன், மற்றது குழப்படிகாரன். இரண்டாவது பெயரோடு விளையாட்டு நேரத்தில் பந்து எறியலாம். முதலாவதோடு அதுவும் முடியாது. அவன் தெரிந்துதான் எடுத்தான்.

இதை நான் அவனைப்போல ஒருவரிடம்தான் படித்தேன், அதுவும் நன்றாகக் காலம் கடந்து. 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கமெல்லாம் நிரம்பியது. பள்ளிக்கூடங்களும் சனத்தோடு சேர்ந்து வந்தன. நான் அப்போது தொண்டர் ஆசிரியை. எங்கள் வகுப்பு ஒரு பாலை மரத்துக்குக் கீழே. பிள்ளைகள் உரப்பையை விரித்து இருப்பார்கள். கொப்பியும் வெண்கட்டியும் தட்டுப்பாடு, ஒரு வெண்கட்டியை மூன்றாக முறித்துத்தான் தருவார்கள். முன்வரிசையில் ஒரு பெண் பிள்ளை, பன்னிரண்டு வயது இருக்கும். அவளுடைய கொப்பிதான் வகுப்பிலேயே வடிவு. மற்றப் பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டுவேன்.

ஒரு நாள் வெண்கட்டி முடிந்துவிட்டது. சொல்வதெழுதல் வைத்தேன். பத்துச் சொல். எல்லாரும் எழுதினார்கள், அவளும் குனிந்து பக்கம் நிறைய எழுதினாள். வாங்கிப் பார்த்தால் நான் சொன்ன ஒரு சொல்லும் இல்லை. முதல் நாள் பலகையில் போட்ட சமூகக்கல்விக் குறிப்பு, கால்புள்ளி அரைப்புள்ளியோடு அப்படியே இருக்கிறது. என்னைப் பகிடி பண்ணுகிறாள் என்று நினைத்தேன். வெயிலில் முழங்காலில் இருத்தினேன். அவள் அழவும் இல்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. பின்னேரம் தாய் வந்தார், சண்டைக்கு இல்லை. "அவளுக்கு ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாதே ரீச்சர், அது உங்களுக்குத் தெரியாதே?" என்று மட்டும் கேட்டார். ஒரு வருடம் என் முன்னால் இருந்த பிள்ளை. நான் என்ன சொல்ல? அடுத்த தவணை அந்தக் குடும்பம் புதுக்குடியிருப்புப் பக்கம் போய்விட்டது. அவளுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. பலகையை அழிக்குமுன் ஒரு முழுப் பக்கத்தைப் படமாக மூளையில் பிடித்து அடுத்த நாள் இறக்கிவைக்கக் கூடிய பிள்ளை அவள். அந்த மூளையை நான் வெயிலில் வைத்தேன்.

இப்போது உங்கள் பையனின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2025இல் தரம் 8 என்றால், 2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது அவன் தரம் 3. எழுத்துக் கூட்டுவதை விட்டு வாசிப்பு ஓடத்தொடங்குகிற வயது அதுதான். 2021ம் பெரும்பாலும் அப்படியே போனது. சூம் வகுப்பு என்றார்கள். போன் இல்லாத வீடு, இருந்தாலும் மரத்தில் ஏறினால்தான் சிக்னல் வருகிற ஊர். 2022இல் திரும்ப வரப் பார்த்தால் பெற்றோல் இல்லை, பஸ் இல்லை, நீங்களெல்லாம் வரமுடியாத காலம். அதற்குள் அவன் தரம் 5க்கு வந்து, புலமைப்பரிசில் வகுப்பு என்று கெட்டிக்காரப் பிள்ளைகளை முன்னுக்குக் கூப்பிட்டு இருத்திய நேரத்தில் பின்னுக்குப் போயிருப்பான். தரம் 6இல் பாடத்துக்கு ஒரு ஆசிரியர் வந்ததும் அவன் ஒருவருடைய பிள்ளையும் இல்லை. தமிழ் ரீச்சர் விஞ்ஞானப் புத்தகத்தைக் கேட்கமாட்டார், நீங்கள் தமிழைக் கேட்கமாட்டீர்கள். தாய் தகப்பனின் வயதையும் பாருங்கள். அவர்களுடைய பள்ளிக்காலம் இடப்பெயர்வுக்குள் போனது. அவர்களும் வீட்டில் வைத்து எழுத்துக் கூட்டிக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்கமுடியாது.

இனி செய்யவேண்டியது. முதலில் அவனுடைய வீட்டுக்குப் போங்கள். தகவல் அனுப்பாதீர்கள், பெற்றோரைப் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் கொடுக்காதீர்கள். நீங்களே போகவேண்டும். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் ஊருக்குப் பஸ் ஏறுகிற பழக்கம் உங்களுக்கும் இருக்கும், பிழை சொல்லவில்லை, நானும் ஏறினவள்தான். ஆனால் ஊர்ச்சனம் அதைக் கணக்கில் வைத்திருக்கும். ஒரு சனிக்கிழமை நில்லுங்கள். சனிக்கிழமை ரீச்சர் படலையில் வந்து நிற்கிறார் என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். தனியே போகவேண்டாம், அந்தத் தெருப் பிள்ளை ஒன்றைத் துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். யானை நடமாட்டம் உள்ள பக்கம் என்றால் நாலரைக்கு முன் திரும்பிவிடுங்கள். கூப்பிட்டு உடனே ஆள் வெளியே வராவிட்டால் மனம் நோகாதீர்கள். மோட்டார்சைக்கிளில் கொப்பியோடு வருகிறவர்கள் நுண்கடன் காசு அறவிட வருகிறவர்கள் என்பதுதான் பல வீடுகளின் அனுபவம். வரவு இடாப்பைக் கையில் கொண்டுபோகவே வேண்டாம்.

"வாங்கோ ரீச்சர், இருங்கோ" என்று கதிரை போடுவார்கள். இருங்கள். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். சீனி இல்லாமல் வெறுந்தேத்தண்ணியோடு ஒரு துண்டு பனங்கட்டி வரலாம், அதைக் கடித்துக் குடிக்கத் தெரியாதவர் மாதிரிப் பார்க்காதீர்கள். தாயிடம் பையனைப் பற்றி முறைப்பாடு ஒன்றும் வைக்காதீர்கள். "நான் வகுப்பில சொல்லக்கூடாத ஒரு கதை சொல்லிப்போட்டன், அதுதான் வந்தனான்" என்று நேரே தொடங்குங்கள். தாய்க்கு அது தெரியாமலே இருந்திருக்கலாம், பையன்கள் இதை வீட்டில் சொல்லமாட்டார்கள். தாய் உடனே உங்கள் பக்கம் சேர்ந்து அவனை ஏசத் தொடங்குவார், அது நிச்சயம். அதை நிற்பாட்டுங்கள். பையன் வேலிக்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான், அவன் காதுக்கு அது விழவேண்டும்.

அவனிடம் நீண்ட மன்னிப்பு வேண்டாம். பெரியவர்கள் அழுதால் பிள்ளைகளுக்குப் பயம் வரும். ஒரு வசனம் போதும். பிறகு மாட்டைப் பற்றிக் கேளுங்கள்.

ஏன் மாடு என்று சொல்லுகிறேன். பட்டி மாட்டுக்குக் குறி சுட்டிருப்பார்கள் அல்லவா? காலபோக விதைப்புத் தொடங்கிவிட்டால் வயலுக்குள் மாடு இறங்கக்கூடாது, நாலைந்து பேருடைய பட்டி ஒரே தரவைப் புல்வெளியில் கலந்து நிற்கும். பட்டிக்காரப் பையன் தூரத்தில் நின்றே இது இன்னாருடைய மாடு என்று சொல்லிவிடுவான். எதை வைத்து? குறியை வைத்து. நான் பார்த்த குறிகளில் சில வெறும் அடையாளம், மிச்சம் எழுத்துகள்தான், சொந்தக்காரருடைய பெயரின் முதல் எழுத்தும் தகப்பனுடைய எழுத்தும். தமிழும் இருக்கும், இங்கிலீசும் இருக்கும். ஆகவே உங்கள் பையனுக்கு எழுத்து என்பது சத்தத்துக்கும் ஆளுக்கும் உரிய அடையாளம் என்று ஏற்கெனவே தெரியும். ஒரு தடியைக் கொடுத்து மண்ணில் குறிகளைக் கீறிக்காட்டச் சொல்லுங்கள். ஆறு ஏழு எழுத்து அங்கேயே கிடைக்கும். அவனுக்குத் தெரிந்த அந்த ஆறு ஏழிலிருந்துதான் நீங்கள் தொடங்கப் போகிறீர்கள்.

வகுப்புக்கும் ஒரு கடன் இருக்கிறது. வகுப்புக்கு முன்னால் சொன்னதை வகுப்புக்கு முன்னால்தான் திருப்பி எடுக்கவேண்டும். ஆனால் அவன் திரும்பி வரும் நாளில் அதைச் செய்யாதீர்கள், பாவம், எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்ப்பார்கள். திங்கட்கிழமையே, அவன் இல்லாத நேரத்தில், "அன்றைக்கு நான் சொன்னது பிழை, நீங்கள் சிரித்ததும் பிழை" என்று இரண்டு வசனத்தில் முடித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குங்கள். அவன் காதுக்கு அது அன்றைக்குப் பின்னேரமே போய்விடும். பிரம்பைத்தான் சுற்றறிக்கை போட்டு வாங்கிவிட்டார்கள். நாக்கை எங்களிடமே விட்டுவைத்திருக்கிறார்கள், கவனமாக வைத்திருக்கவேண்டியிருக்கிறது.

அவன் வந்த பிறகு எப்படிப் படிப்பிப்பது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். தரம் 1 புத்தகத்தை எடுத்துக் கொடுப்பார்கள். அணில், அம்மா, ஆடு. மீசை அரும்புகிற பையன் அதை ஒருவரும் பார்க்காமல் மேசைக்குள் தள்ளிவிட்டு அடுத்த நாள் வரமாட்டான். அதோடு பின்னேர விசேட வகுப்பு என்று பெயர் போடுவார்கள். மெல்லக் கற்போர் வகுப்பு என்று கதவில் எழுதி ஒட்டிய பள்ளிக்கூடத்தையும் நான் கண்டேன். உங்களிடம் அதைவிட நல்ல சாட்டு இருக்கிறது: நீங்கள் விஞ்ஞான ரீச்சர். ஆய்வுகூடத் திறப்பை அவனிடம் கொடுங்கள். காலையில் வந்து அறையைத் திறப்பது, மேசை துடைப்பது, போத்தல் அடுக்குவது அவனுடைய பொறுப்பு. ஏழரைக்கு மணி அடிக்குமுன் இருபது நிமிடம் உங்களுக்குக் கிடைக்கும். கிழமைக்கு நாலு நாள் போதும். கதவு திறந்தே இருக்கட்டும், இன்னொரு பிள்ளையும் கூட நின்றால் இன்னும் நல்லது.

முதல் நாள் ஒரு சின்னப் பரிசோதனை. தெரிந்த பாட்டோ, பழைய பாடமோ கொடுத்தால் மடமடவென்று வாசிப்பான், ஏமாறாதீர்கள், அது மனப்பாடம். வாசித்துக்கொண்டு போகும்போது நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து "இது என்ன?" என்று கேளுங்கள். முதலிலிருந்து திரும்ப ஓடி வந்துதான் அந்தச் சொல்லைப் பிடிப்பான். அங்கே உங்களுக்கு விடை கிடைத்துவிடும். அதற்குமேல் சோதிக்கவேண்டாம்.

247 எழுத்து என்று சொல்லிப் பயப்படுத்தாதீர்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மிச்சம் 216ம் உயிரையும் மெய்யையும் சேர்க்கிற வேலை. அதிலும் தடக்குகிற இடங்கள் குறைவு, ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் அங்கேதான் விழும். பெரிய இடறல் கொம்பு (ெ, ே, ை). மாட்டுக்குக் கொம்பன் என்று பெயர் இருக்கும்தானே, அதையே எழுதிப் போடுங்கள். கண் இடமிருந்து வலம் போகிறது. முதலில் தெரிவது கொம்பு, அதற்குப் பிறகு க, அதற்குப் பிறகு அரவு (ா). ஆனால் வாயில் வரவேண்டியது க் முதலில், ஒ பிறகு. முன்னால் எழுதுவதைப் பின்னால் சொல்லவேண்டும், முன்னும் பின்னும் இருக்கிற இரண்டு துண்டைச் சேர்த்து ஒரு சத்தமாக்கவேண்டும். வாசிக்கத் தெரிந்த எங்களுக்கு இது எவ்வளவு விசித்திரமான ஏற்பாடு என்று நினைவே இல்லை. தடுமாறுகிற பிள்ளை "கெ" என்று தொடங்கிவிட்டு அரவைக் கண்டு முழிக்கும். "கொம்பைக் கண்டால் உடனே வாயைத் திறக்காதே, எழுத்தையும் பார்த்து, அதுக்குப் பின்னால ஆள் நிக்குதோ எண்டும் பார்" என்று சொல்லிக்கொடுங்கள். கொம்பு உள்ள சொல்லாக ஒரு கிழமை முழுக்க: செவலை, மேய்ச்சல், தொட்டி, கோடை, வைக்கோல்.

அடுத்த இடறல் உகரம். கா, சா, டா எல்லாவற்றுக்கும் ஒரே அரவு. ஆனால் கு, சு, து என்று போனால் உகரத்துக்கு ஒரே வால் இல்லை. இதில் விதி தேடி நேரத்தை விடாதீர்கள். அட்டையில் வெட்டி, நாளுக்கு மூன்று என்று பழக்கத்தில் ஏற்றவேண்டியதுதான். கலண்டர் மட்டையின் பின்பக்கம் நல்ல அட்டை.

மூன்றாவது விஷயத்தைப் பலர் பிழை என்று திருத்திவிடுகிறார்கள். புத்தகத்தில் "வருகிறேன்" என்று இருக்கும், அவன் "வாறன்" என்று வாசிப்பான். "இல்லை, ஒழுங்காக வாசி" என்று தலையில் போடாதீர்கள். கருத்தைப் பிடித்துத் தன்னுடைய வாயால் சொல்லுகிறான், அது வாசிப்பின் நல்ல அறிகுறி. வீட்டில் ஒருவரும் பேசாத ஒரு தமிழைத்தான் நாங்கள் புத்தகத்தில் கொடுக்கிறோம். உங்கள் பாடம் அதற்கும் மேலே. கலம், இழையம், ஒளித்தொகுப்பு என்று வருகிற சொல்லை அவன் வாழ்க்கையில் காதால் கேட்டதே இல்லை. காதுக்குத் தெரியாத சொல்லைக் கண் எப்படிக் கண்டுபிடிக்கும்? ஆகவே உங்கள் விஞ்ஞானப் பாடத்திலும், புதுச் சொல்லைப் பலகையில் எழுத முன் எல்லாரையும் கொண்டு ஐந்தாறு தரம் சொல்லவையுங்கள். அது அவனுக்கு மட்டுமல்ல, வகுப்பில் இன்னும் நாலைந்து பேர் அவனைப்போல இருப்பார்கள், அவர்கள் கண்ணடிக்கவில்லை, அவ்வளவுதான்.

வாசிப்புப் புத்தகம் நீங்கள் தேடவேண்டாம், அவனே தருவான். "இன்றைக்குப் பட்டியில என்ன நடந்தது?" என்று கேளுங்கள். அவன் சொல்லச் சொல்ல அவனுடைய சொல்லிலேயே நாலு வரி எழுதுங்கள். "நரையன் வேலி பாஞ்சிட்டுது. கந்தையா அம்மான் ஏசினவர்." தான் சொன்னது எழுத்தில் இருப்பதால் வாசிக்க வரும். அடுத்த நாள் சொற்களை வெட்டிக் கலைத்துப்போட்டு அடுக்கச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் புதிதாக ஒரு சொல்லைச் சேருங்கள். பத்து நாளில் பத்துத் தாள் சேரும், அதைத் தைத்துக் கொடுத்தால் அது அவனுடைய புத்தகம். பிறகு வயல் வீட்டில் கிடக்கிற தாள்களுக்குப் போகலாம்: உரப்பை, மருந்துப் போத்தல். களைகொல்லிப் போத்தலில் எத்தனை மில்லிலீற்றரை எவ்வளவு தண்ணீரில் கலப்பது என்று வாசிப்பது உங்கள் பாடமும்தான். அதை வாசிக்கத் தெரியாமல் கையால் அளந்து ஊற்றுகிறவர்களை நீங்களே கண்டிருப்பீர்கள்.

இரண்டு தவணை ஆகும். ஒரு மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று கைவிடாதீர்கள், முதல் மாதம் பெரும்பாலும் அவன் உங்களை நம்பலாமா என்று பார்க்கிற மாதம். அறுவடை நேரத்தில் நாலு நாள் வரமாட்டான், பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போவான். வந்ததும் ஏன் வரவில்லை என்று கேட்காமல் எத்தனை வாளி பழம் என்று கேட்டு எழுதவையுங்கள்.

இதோடு கண்ணையும் காதையும் பார்க்கவேண்டும். பள்ளிக்கூட மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு நடப்பது வழக்கம். அவன் தரம் 4இல் இருந்தது 2021, அந்த வருடம் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தரம் 7இல் நடந்த நாளில் அவன் வந்தானா என்று பதிவைப் பாருங்கள். வராவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி ஒழுங்குசெய்யலாம். எல்லாம் சரியாக இருந்து, நீங்கள் இரண்டு தவணை ஒழுங்காக உழைத்தும் எழுத்து ஒன்றோடொன்று குழம்பிக்கொண்டே இருந்தால், வலயத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடம் காட்டுங்கள். பிறவியிலேயே வாசிப்பு வசப்படாத மூளை அமைப்பும் உண்டு, அதற்கு வழிமுறை வேறு. ஆனால் முதலே அந்தப் பெயரை ஒட்டிவிடாதீர்கள். ஒழுங்காகப் படிப்பிக்காத பிள்ளைக்கு நோய்ப் பெயர் வைக்கும் பழக்கம் இப்போது கொஞ்சம் கூடிவிட்டது.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. கட்டாயக் கல்வி வயதெல்லை முன்பு 14, 2016இல் 16 ஆக்கினார்கள். பதின்மூன்று வயதுப் பையனைப் பட்டியில் வைத்திருக்க யாருக்கும் உரிமை இல்லை. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், கிராம அலுவலரும் இருக்கிறார். ஆனால் அவர்களோடு முதலில் போகவேண்டாம். ஜீப் வந்து நின்ற வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் வரும், இடாப்பில் சரி விழும், வாசிப்பு வராது. வீட்டில் வேறு பிரச்சினை தெரிந்தால், அடி, பட்டினி, பட்டிக்காரரிடம் கடனுக்குப் பிள்ளையை விட்டிருப்பது, அப்படி ஏதாவது என்றால் அது வேறு கதை, அன்றைக்கே அவர்களிடம் சொல்லுங்கள். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கமும் அதற்குத்தான்.

அதிபரோடு சண்டை பிடிக்காதீர்கள். சித்தி வீதத்தை வைத்து அவரை வலயம் பிடிக்கிறது, வலயத்தை மாகாணம் பிடிக்கிறது. அவர் சொன்னது அசிங்கமான கதைதான், ஆனால் அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அவரிடம் அனுமதியாகக் கேளுங்கள், வாக்குவாதமாக வேண்டாம்: "காலையில ஆய்வுகூடம் திறக்க ஒரு பிள்ளை வேணும் சேர்." அதோடு ஒரு தகவலையும் காதில் போடுங்கள். 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில், ஓ.எல். பெறுபேறு எப்படி இருந்தாலும் தொழில்சார் பிரிவில் பிள்ளை தொடர்ந்து படிக்க இடம் இருக்கிறது. எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இல்லை, எது கிட்ட என்று வலயத்தில் விசாரிக்கவேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிலையமும் இருக்கிறது. மோட்டார் வேலையில் கையுள்ள பையன்கள் இந்தப் பக்கம் ஏராளம், பன்னிரண்டு வயதில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓட்டுகிறார்கள். ஆனால் அங்கே போனாலும் கையேடு வாசிக்கவேண்டும், படிவம் நிரப்பவேண்டும். உங்கள் பையன் ஒன்பது பாடமும் சித்தியடைவான் என்று நான் சொல்லமாட்டேன், நீங்களும் அவனுக்கு அப்படி ஒரு ஆசையைக் காட்டவேண்டாம். பஸ்ஸின் பெயர்ப்பலகையை, மருந்துத் துண்டை, கடன் பத்திரத்தை ஒருவரையும் கேளாமல் வாசிப்பான் என்று மட்டும் சொல்லுங்கள். கடன் பத்திரம் என்றால் தாயே அவனை அனுப்பிவைப்பார்.

தொழிலுக்குப் பொருத்தமா என்று கேட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு நாளை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள், கொப்பியை எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள், போதும். இடமாற்றம் உங்களுக்குரிய காலத்தில் வரட்டும், அதற்கு விண்ணப்பிப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. போகுமுன் அவனைப் பற்றிய ஒரு பக்கத்தை, எந்த எழுத்து தெரியும், எது தெரியாது, எந்தத் தாளில் நிற்கிறான் என்று எழுதி அடுத்து வருகிறவருக்கு வைத்துவிட்டுப் போங்கள். நான் அந்தப் பிள்ளையை வெயிலில் இருத்துமுன் யாராவது எனக்கு அப்படி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தால் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

சனிக்கிழமை போய்விட்டு வந்து எழுதுங்கள், பிள்ளை. அவன் மண்ணில் கீறிய குறிகளை ஒரு தாளில் பார்த்தெழுதி அதையும் சேர்த்து அனுப்புங்கள். அதில் எது எழுத்து, எது வெறும் அடையாளம் என்று அவனிடமே கேட்டுக் குறித்து அனுப்பினால் எனக்கு வேலை மிச்சம்.